புரட்டாசியில் ஒரு வாத்துக்கால்

அத்தியாயம் 7

"நிறுத்துங்க அக்கா! அங்கேயே நிறுத்துங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஷாமளா அக்கா குடித்துக்கொண்டிருந்த பால் கலக்காத தே ஓ பாதி மேசையில் கொட்டியது. ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு அந்த ஒரு மேசைதான் சொத்து. அதன் மேலிருந்த கணினித் திரையில், லாபிஸ் பெருமாள் கோயில் தலைவர் திருச்செல்வம் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டத்து ஓரமாக உட்கார்ந்து எதையோ கடிக்கப் போன நிலையில் நின்றிருந்தார்.

"என்ன வசந்தா, குற்றவாளி தெரிஞ்சிட்டானா?" என்று அக்கா துணியைத் தேடினார்.

"வாத்துக்கால் தெரிஞ்சிடுச்சு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கருணை கொஞ்சமும் இல்லை. பதினெட்டு வருஷம் காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார், சம்பளம் மட்டும் இல்லை. நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவன் சாப்பாட்டைப் பொட்டலத்தோடு பார்த்தே அது என்னவென்று சொல்லிவிடுவேன். அதுதான் என் ஒரே தகுதி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குப் புரட்டாசி பதினோராம் நாள். அம்மாவின் உத்தரவுப்படி நான் பத்து நாளாகப் பருப்பையும் கீரையையும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். கோழி கூவினால்கூட எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

எதிர் நாற்காலியில் வாசுகி உட்கார்ந்திருந்தாள். செடெனாக்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான்கு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய அப்பா ஐயாசாமி போலீஸ் லோக்காப்பில் இருந்தார்.

"வாத்துக்கும் எங்கப்பாவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. வழக்கு இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாஆ என்கிற ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் பாதையில் கோயில் செயலாளர் சுகுமாறன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார். டாக்டர் சர்க்கரை வியாதிக்குச் சொன்ன உடற்பயிற்சி. வண்டி வாகனமே வராத பாதை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அன்றைக்கு அங்கே ஒரே ஒரு வாகனம் வந்தது. அது பின்னாலிருந்து அவரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டது. மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

மோதியது திருச்செல்வத்தின் பிக்கப் காடி. முன்பக்கம் நசுங்கிய காடி அவர் வீட்டு வாசலிலேயே சாதுவாக நின்றிருந்தது. அதற்கு இரண்டு சாவி. ஒன்று இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் காடி ஓட்டும் ஐயாசாமியிடம். இன்னொன்று திருச்செல்வத்தின் பையில், அந்தப் பை பிரான்சில். ஐயாசாமி அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் தனியாகப் படுத்திருந்தார், பார்த்த சாட்சி கிடையாது. கணக்கு சுலபமாக முடிந்தது. திங்கட்கிழமை காலையில் அவரைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

சுகுமாறன் மேல் ஐயாசாமிக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் இருந்தவர் திருச்செல்வம். கோயிலுக்குச் சொந்தமான நான்கு ஏக்கர் நிலத்தை அவர் விற்கத் துடித்தார், செயலாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் கோபத்தைப் பிரான்சில் வைத்துக்கொண்டு காடியைச் சாஆவில் ஓட்ட முடியாதே.

பிரான்சில்தான் இருந்தேன் என்பதற்குத் திருச்செல்வம் ஒரு நாளைக்கு ஒன்றாக இருபத்தோரு வீடியோ கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அறுபது நாட்டுக்காரர்கள் சைக்கிள் ஓட்டும் அமைதிப் பள்ளத்தாக்கு, லோரி இல்லை, ஹாரன் இல்லை, ஆறு மணி நேரம் ஓட்டினால் ஒரு மாடுதான் குறுக்கே வரும், அதுவும் மரியாதையாக ஒதுங்கும் என்று ஒவ்வொன்றிலும் பின்னணி வர்ணனை. மனிதர் லாபிஸில் முச்சந்திக் கடைக்குக்கூட ஐயாசாமியைக் காடி எடுக்கச் சொல்கிறவர். அவர் மலையேறி இறங்கி, "இயற்கையோட பேசுங்கள் மக்களே" என்று மூச்சு வாங்கிக்கொண்டே உபதேசம் பண்ணுவதைப் பதினாலு தடவை பார்த்த பிறகு எனக்கு இயற்கை மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

"யாராச்சும் போன் பண்ணாங்களா?" என்று அக்கா முன்னமே கேட்டிருந்தார்.

"பண்ணாங்க. பள்ளத்தாக்குல லைன் கிடைக்கலன்னு மெசேஜ் வரும். ஆனா வீடியோ மட்டும் டாண்ணு வந்துடும்," என்றாள் வாசுகி.

பேசுவதற்குக் கிடைக்காத லைன் படம் காட்டுவதற்கு மட்டும் கிடைக்கிற பள்ளத்தாக்கு. பிரெஞ்சுக்காரர்கள் எதையும் வித்தியாசமாகத்தான் செய்வார்கள்.

இப்போது திரையில் நிற்பது செவ்வாய்க்கிழமை வந்த வீடியோ. சுகுமாறன் தூக்கி எறியப்பட்ட அதே நாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினேன்.

"கையில பாருங்கக்கா. பழுப்பா, பளபளன்னு, மேல குண்டா, கீழ ஒல்லியா ஒரு எலும்பு. முதல் வாரத்து வீடியோவுல இவரே சொன்னாரே, 'இந்தப் பக்கம் வாத்துதான் பேமஸ்'னு. பொரிச்ச வாத்துக்கால் அது. என் வயித்து மேல சத்தியம்."

"சரி. அதுக்கு?"

"செவ்வாக்கிழமை புரட்டாசி ஏழு! பெருமாள் கோயில் தலைவர் புரட்டாசியில வாத்து கடிப்பாரா?"

வாசுகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கடிக்கவே மாட்டாரு. போன வருஷம் புரட்டாசியில எங்கப்பா காடியில உட்கார்ந்து நாசி லெமாக் சோறு தின்னாரு. நெத்திலிய ஒதுக்கி வெச்சிட்டுத்தான் தின்னாரு. வாசம் பட்டுடுச்சுன்னு தலைவரு அவர நடு வழியில இறக்கி விட்டுட்டாரு. காடியக் கழுவறதுக்கு மறுநாள் கூப்பிட்டாரு."

"அப்படின்னா என்ன அர்த்தம்?" நான் எழுந்தே நின்றுவிட்டேன். "இது புரட்டாசி பொறக்கறதுக்கு முந்தி எடுத்த வீடியோ. இருபத்தோரு நாள் படத்தையும் பத்துப் பன்னெண்டு நாள்ல எடுத்து வெச்சிக்கிட்டாரு. ஒரு நாளைக்கு ரெண்டு சட்டை மாத்தியிருப்பாரு. அப்புறம் கமுக்கமா ஊருக்கு வந்து, தினம் ஒண்ணா அவுத்து விட்டிருக்காரு. ரெண்டாவது சாவியும் அவரோடவே வந்திருக்கு!"

அக்கா கணினியைத் தன் பக்கம் திருப்பி வீடியோவை மேலும் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு கணினியை மூடினார்.

"நல்ல கண்ணு உனக்கு," என்றார். ஆறு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நான் பூரித்துப்போனேன். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அந்த இடத்தில்தான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

*

இன்ஸ்பெக்டர் ஸ்ரீதரன் பரம்பரையாக அரசாங்கச் சேவையில் இருக்கும் சிலோன் குடும்பத்துப் பிள்ளை. தாத்தா ரயில்வே, அப்பா தபால் இலாகா, இவர் போலீஸ். மூன்று தலைமுறையாக ஆத்திரப்படாமல் பழகிய முகம். பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், அவர் மேசையில் காகிதங்கள்கூட வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தன.

நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, "வாத்துக்கால்," என்றார்.

"ஆமா சார்."

"மிஸ் ஷாமளா, உங்கட உதவியாளர் காலையில ஏதும் பசியாறினவரா?"

"கடலைப் பருப்பு சார்," என்றார் அக்கா.

"விளங்குது." இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "திருச்செல்வம் இந்த வழக்கில சந்தேக நபர் இல்லை. காடிக்குச் சொந்தக்காரர், பாதிக்கப்பட்டவர். அவர் போன வந்த விவரத்தைக் குடிநுழைவு இலாகாவிட்ட கேக்கிறதெண்டால் நான் ஒரு காரணம் எழுத வேணும். என்ன எழுத? கோயில் தலைவர் மரக்கறி சாப்பிடேல்லை எண்டா?"

"ஒரே ஒரு போன் சார்," என்றாள் வாசுகி. "நீங்க ஒரு போன் போட்டா எங்கப்பா வெளிய வந்துடுவாரு."

அவர் அவளை நேராகப் பார்த்தார். இரக்கமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரக்கத்துக்கும் அவரிடம் ஒரு படிவம் இருக்கும் போலிருந்தது, அதை யாராவது பூர்த்தி செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

"தங்கச்சி, நாளைக்கு அவர் 'ஓம், சாப்பிட்டன், இப்ப என்ன?' எண்டு கேட்டால்? அதோட உங்கட வாதம் முடிஞ்சுது."

"சொல்லவே மாட்டாரு சார்!" என்றேன் நான். "நாக்க அறுத்துக்குவாரே தவிர, புரட்டாசியில மாமிசம் தின்னேன்னு ஊர் முன்னால ஒத்துக்க மாட்டாரு. அந்தப் பேர வெச்சித்தான் ஒன்பது வருஷமா தலைவரா இருக்காரு."

அக்கா அமைதியாகச் சொன்னார். "இன்னிக்குப் புரட்டாசி சனி. தலைவர் நேத்து ராத்திரிதான் ஊருக்கு 'வந்திருக்காரு'. கோயில்ல மதியம் அன்னதானமும் அவரோட பிரான்ஸ் படமும். உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும்."

"வந்தது."

"வாங்க சார். சாப்பாட்டுக்கு யாரும் காரணம் எழுதத் தேவையில்ல."

*

நான் பார்த்த கோயில் மண்டபங்களிலேயே லாபிஸ் பெருமாள் கோயில் மண்டபத்தில்தான் அன்றைக்கு முதன்முதலாகச் சாம்பாரும் திராட்சைத் தோட்டமும் ஒன்றாகப் பரிமாறப்பட்டன. சுமார் இருநூறு பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பெரிய தொலைக்காட்சி. அதன் பக்கத்தில் மாலையும் பட்டு வேட்டியுமாகத் திருச்செல்வம். சந்தனத்துக்கு நெற்றி போதாமல் கழுத்துவரை இறங்கியிருந்தது.

"என்ன அமைதி தெரியுங்களா!" என்று மைக்கில் முழங்கினார். "நம்ம ஊர்ல ரோட்ட தாண்டறதுக்கே உசிரக் கையில புடிக்கணும். அங்க சைக்கிள் போற பாதையில காடியே வராது. மனுஷன் உசிருக்கு அவ்ளோ மதிப்பு லா!"

எனக்குப் பின்னால் வாசுகியின் கரண்டி வாளியில் இடித்தது கேட்டது. அவளும் பரிமாறுகிறவர்களோடு ரச வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். வரச் சொன்னது அக்காதான்.

திருச்செல்வம் அவளைப் பார்த்துவிட்டார். மைக்கை மூடிக்கொண்டு, ஆனால் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "கவலப்படாத மா. ஒங்கப்பன் தப்பு பண்ணாலும் நான் கைவிட மாட்டேன். நல்ல லாயரா பார்த்து வெக்கிறேன். ஒத்துக்கிட்டா தண்டன கம்மி," என்றார்.

சுற்றியிருந்தவர்கள் உருகினார்கள். ஒரு மாமி கண்ணைத் துடைத்தார். தன் காடியை உடைத்த டிரைவருக்குத் தானே வக்கீல் வைக்கிற முதலாளி இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்?

அக்கா என் காதருகே குனிந்தார். "அந்த வீடியோ வரும்போது உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு. சத்தமா சொல்லு. யோசிக்காத."

"யோசிக்காம பேசறதுதானேக்கா என் ஸ்பெஷல்."

படம் ஓடியது. ஆறு, பாலம், திராட்சை, சைக்கிள், மூச்சு வாங்கல். இருபத்தோரு நாளில் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. திருச்செல்வம் புல்லில் உட்கார்ந்தார், கையைத் தூக்கினார்.

"அலமாக்! வாத்துக்கால்!" என்று கத்தினேன்.

அக்கா கையில் எப்படியோ வந்து சேர்ந்திருந்த ரிமோட்டை அழுத்தினார். படம் நின்றது. பழுப்பு நிறத்தில், குண்டுப் பக்கம் மேலாக, ஒல்லிப் பக்கம் விரல்களுக்கு நடுவில். நாற்பத்தைந்து அங்குலத் திரையில் அது எனக்கு இன்னும் ருசியாகத் தெரிந்தது.

இருநூறு கை இலையில் அப்படியே நின்றது.

"தலைவரே," என்றார் அக்கா, ரொம்பப் பணிவாக. "இந்த வீடியோ செவ்வாக்கிழமை எடுத்ததுதானே? புரட்டாசி ஏழு?"

திருச்செல்வம் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஸ்ரீதரனைப் பார்த்தார். திருச்செல்வத்தின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழைய வீடியோ என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும். செவ்வாய்க்கிழமைதான் என்று சொன்னால் வாத்தை முழுங்கியாக வேண்டும். மாட்டினான் மனுஷன் என்று நான் மனசுக்குள் விசில் அடித்தேன்.

திருச்செல்வம் மாலையைக் கழற்றினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். குரல் உடைந்தது.

"மன்னிச்சிடுங்க மக்களே. நான் பாவி."

யாரோ "பெருமாளே" என்றார்கள்.

"செவ்வாக்கிழமைதான். அறுபது கிலோமீட்டர் ஓட்டிட்டேன். கண்ணு இருட்டிடுச்சு. அந்த ஊர்ல வேற ஒண்ணும் கிடைக்கல. ஒரே ஒரு வாத்துக்கால்… வாயில வெச்சப்ப பெருமாள் முகம்தான் தெரிஞ்சுது. அழுதுக்கிட்டேதான் தின்னேன். அந்த ருசி இன்னும் என் நாக்குல நெருப்பா இருக்கு."

சொல்லிவிட்டு சன்னிதியைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மண்டபம் கலங்கிப்போனது. "வெளிநாட்டுல என்ன செய்வாரு, பாவம்" என்றார் ஒருவர். "ஒத்துக்கிட்டாரு பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும்" என்றார் இன்னொருவர். கண் துடைத்த மாமி இப்போது தேம்பியே அழுதார். என்னைப் பார்த்த கண்களில் மட்டும் கொலைவெறி இருந்தது.

நாக்கை அறுத்துக்கொள்வார் என்று நான் சத்தியம் செய்த மனிதர், நாக்கைச் சுழற்றி என் வாதத்தையே விழுங்கிவிட்டார். பிரான்சில்தான் இருந்தார் என்ற அலிபிக்குக் கோயில் மணியடித்து முத்திரை குத்தியாகிவிட்டது. வாசுகி ரச வாளியைக் கீழே வைத்தாள். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் தரையைப் பார்த்தேன். என் வாயால் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போகப் போகிறார் என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து கை கழுவப் போனார். "நான் சொன்னனே, மிஸ் ஷாமளா," என்றார் போகிற போக்கில்.

"உட்காருங்க சார். பாயசம் வரல இன்னும்," என்றார் அக்கா.

அவர் மறுபடி ரிமோட்டை அழுத்தினார். "வசந்தா, நீ ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துலயே நிறுத்திடுவ. மேல பார்க்கறதுக்கு உன் நாக்கு விடாது. நான் பார்த்தேன்."

படம் ஓடியது. திரையில் திருச்செல்வம் ஒரு கடி கடித்தார். கையைத் திருப்பி, தின்பதைக் கேமரா பக்கம் காட்டிச் சிரித்தார். அக்கா மறுபடி நிறுத்தினார். கடித்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. விரல்களுக்குக் கீழே அந்த 'எலும்பு' நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பின் நுனியில் பச்சையாக ஒரு இலை.

பின் வரிசைக்காரர்கள் எட்டிப் பார்க்க எழுந்தார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகம் தலைவரே," என்றார் அக்கா. "பிரான்சுல வாத்துக் கால்ல இலை முளைக்குமா?"

முன் வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. அம்மா அதன் வாயைப் பொத்தினார்.

"இது பேரிக்காய். நம்ம பசார்ல விக்கிறது மஞ்சளா, உருண்டையா இருக்கும். அந்த ஊர்ல இப்படிப் பழுப்பா, நீட்டமா ஒரு ஜாதி இருக்கு. இங்க யாரும் பார்த்திருக்க மாட்டோம். பசியில இருக்கறவனுக்கு வாத்துக்காலாத் தெரியும்." அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவனுக்குத் தெரிஞ்சா பரவால்ல. தின்ன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

திருச்செல்வம் எழுந்து உட்கார்ந்திருந்தார். சந்தனம் வியர்வையில் வழிந்தது. "ஆமா… பேரிக்காய்தான்… இப்பதான் ஞாபகம் வருது… பதட்டத்துல…"

"நெருப்பா நாக்குல இருக்குன்னீங்களே. பேரிக்காய் அவ்ளோ காரமா?"

ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக அந்த மைக் அவரிடம் சும்மா இருந்தது.

இன்ஸ்பெக்டர் கை கழுவாமலே திரும்பி வந்து நின்றிருந்தார். அக்கா இப்போது அவரிடம்தான் பேசினார்.

"பாருங்க சார். அன்னிக்கு விரதம் இருந்த மனுஷனா இருந்தா, 'டேய், அது பேரிக்காய் டா'ன்னு இவன அடிக்க வந்திருப்பாரு. விரதத்த முறிச்ச மனுஷனா இருந்தா, எதத் தின்னு முறிச்சோம்னு சாகற வரைக்கும் மறக்க மாட்டாரு. ஒரு பேரிக்காய வாத்துன்னு நம்பறதுக்கு, வாத்து தின்னாலும் பேரிக்காய் தின்னாலும் அவருக்கு ஒண்ணா இருந்த நாளா அது இருக்கணும். அந்த நாள் புரட்டாசியில இல்ல. அதுக்கு முன்னால. எந்த வீடியோவுல எதக் கடிச்சோம்னு அவருக்கே கணக்கு தவறிடுச்சு."

மூச்சு விட்டுக்கொண்டு சேர்த்தார். "பண்ணாத பாவத்த ஊர் முன்னால விழுந்து ஒத்துக்கறாரு. அதவிடப் பெரிய பாவம் ஒண்ண மறைக்கறதுக்குத்தானே? இப்ப காரணம் எழுத முடியுமா சார்?"

இன்ஸ்பெக்டர் ஸ்ரீதரன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். மடித்து வைத்தார். தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏற்கெனவே நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மூன்று தலைமுறை அரசாங்கச் சேவை சும்மா இல்லை.

பதினெட்டு நிமிஷம் ஆனது. பாயசத்தை யாரும் தொடவில்லை. திருச்செல்வம் இரண்டு தடவை எழுந்து பார்த்தார், கோயில் பின்வாசலில் வாசுகி நின்றுகொண்டிருந்தாள். வழியை அடைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை.

"மிஸ்டர் திருச்செல்வம், நீங்க இருபதாம் தேதி சிங்கப்பூர் வழியா ஜொகூருக்குள்ள வந்திருக்கிறியள். சுகுமாறன் அடிபட்ட மறுநாள், இருபத்தி நாலாம் தேதி, திரும்பி வெளிய போயிருக்கிறியள். நேற்று மறுபடி வந்திருக்கிறியள். ரெண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு என்னோட வாருங்கோ."

"சார், சாப்பிட்டுட்டு வரேனே…"

"வேண்டாம். நீங்கள் சாப்பிடுறது எல்லாத்திலயும் பிரச்சினை வருது."

பட்டு வேட்டியோடு அவரை நடத்திக்கொண்டு போனார்கள். சற்று முன்னால் உருகியவர்களே வழிவிட்டு ஒதுங்கினார்கள். "அப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்று தேம்பிய மாமி பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்.

"அக்கா," என்றேன், "காலையிலயே பேரிக்காய்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்ப. உன் நடிப்ப நான் பார்த்திருக்கேன் வசந்தா. பசிய நம்பலாம், அது பொய் சொல்லாது."

ஆறு வருஷத்தில் கிடைத்த ஒரே பாராட்டும் அத்தோடு போயிற்று. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பின்வாசலில் வாசுகி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டதைப் பார்த்தபோது கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

*

சாயங்காலம் ஐந்தரைக்கு ஐயாசாமியை வெளியே விட்டார்கள். நான்கு நாளில் பத்து வயது கூடியிருந்தது. வாசுகி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சுகுமாறன் சாரு கண்ணு முழிச்சாரா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இன்னும் இல்ல பா. ஆனா மூச்சு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாராம்."

தலையாட்டினார்.

"என்னப் புடிக்கறதுக்கு முந்தியே தலைவரு போன்ல சொன்னாரு மா. 'நீதான் ஓட்டினேன்னு ஒத்துக்க, காய்ச்சல்ல தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லு, நான் பார்த்துக்கறேன்'னாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. காய்ச்சல்ல எழுந்து போயிட்டேனோன்னு. ரெண்டு ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். திங்கக்கெழம ஒத்துக்கலாம்னு இருந்தேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டு வருஷம் யாரையும் நம்பாமல் இருந்தவருக்கு இவ்வளவு நம்புகிற ஒருவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. திருச்செல்வத்தை அந்த நிமிஷம் என் கையில் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

"இப்ப தலைவர உள்ள வெச்சிட்டாங்களா?" என்று ஐயாசாமி கேட்டார்.

"ஆமா பா."

"திங்கக்கெழம கோர்ட்டுக்கு அவர யாரு ஓட்டிக்கிட்டுப் போவா? அவருக்கு ஓட்டறதுக்கு ஆள் இல்லியே."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார்.

வாசுகியின் பழைய காடி வாசலில் நின்றது. பேசிக்கொண்டே அவர் டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்திருந்தார். வாசுகி அந்தக் கையை மெதுவாக எடுத்தாள். பின் கதவைத் திறந்துவிட்டாள்.

"நீங்க பின்னால உட்காருங்க பா," என்றாள். "இன்னிக்கு நான் ஓட்டறேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். முதலாளி இடத்தில் உட்கார்ந்து பழக்கம் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.